கனடாவிலிருந்து வந்த கறுப்பு வெள்ளைப் படங்கள்

கனடாவிலிருந்து வரும் பார்சலை எங்கள் கந்தோர் எழுத்தர்களுக்குத் தலைவரான பிரதம லிகிதர் கத்தரிக்கோல் போட்டு வெட்டமாட்டார். மேசையிலிருக்கும் கோப்புகளை ஒதுக்கிவிட்டு, பார்சலை நடுவில் வைத்து, ஒட்டியிருக்கும் பிளாஸ்டரை நகத்தால் நெருடி நெருடி ஒரு ஓரத்திலிருந்து உரித்தெடுப்பார். கால் மணிநேரம் ஆகும். மாத்தளையில் அந்தக் கந்தோரில் வேலைபார்த்த நாங்கள் ஏழெட்டுப் பேரும் வேலை செய்வதுபோலப் பாவனை பண்ணிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்போம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், உள்ளே சாக்லேட் இருக்கும், ஆளுக்கொன்று கிடைக்கும் என்று நம்பியிருந்தேன். இருந்தவை ஆறு வீடியோ கேசட்டுகள். அதிலும் உறைகூட இல்லாத வெறும் கேசட்டுகள். தபாலில் பாரம் குறையட்டும் என்று உறைகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் படத்தின் பெயரைத் தன் கையால் எழுதி அனுப்பியிருந்தார் அவருடைய தங்கை. எல்லாம் பழைய ஹாலிவுட் படங்கள். “இதுக்காங்க சார் இவ்வளவு பவுசு?” என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, “சனிக்கிழமை வந்து பாரும் பிள்ளை. பிறகு கதையும்” என்றார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். இடமாற்றத்தில் மாத்தளைக்கு வந்தவர். வந்த பிறகு ஊரில் சண்டை முற்றி, யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதை மூடி, அப்படியே இங்கே தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா அப்பா இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கென்று இருந்தது ஒரே ஒரு தங்கைதான். சின்ன வயதில் அப்பா இரண்டு பேரையும் சைக்கிளில் ஏற்றி, முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக, ஞாயிறு காலைக் காட்சி இங்கிலீஷ் படத்துக்குக் கூட்டிப்போவாராம். தங்கை கல்யாணமாகிக் கனடா போனார். அங்கே கடைகளில் அந்தப் பழைய படங்களெல்லாம் கேசட்டாக அடுக்கியிருப்பதைக் கண்டதும் விடவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு பார்சல். ஒவ்வொரு பார்சலுக்குள்ளும் நான்கு பக்கக் கடிதம். நேரில் பார்த்து வருஷக்கணக்காகிவிட்ட அண்ணனும் தங்கையும் ஒரே படத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி எழுதிக்கொள்வார்கள். எனக்கு அது முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் அண்ணன்மாரும் நானும் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு அவ்வளவு பேசியதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் நான் என் ஊரான உக்குவளையிலிருந்து பஸ் ஏறி வருவேன். கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்த சிங்களத் தோழி ஒருத்தி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிற்பாள். தனியாளாக இருக்கும் ஆம்பிளை வீட்டுக்கு ஒருத்தி போனால் ஊர் பேசும், இரண்டு பேராகப் போனால் பேசாது என்பது எங்கள் கணக்கு. முன்னறையில் ஒரு மர அலுமாரி. அதற்குள் ஒரு சின்ன பல்பு பகலும் இரவும் எரிந்துகொண்டிருக்கும். மாத்தளை மழைக்கும் பனிக்கும் கேசட் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்துவிடும்; பல்புச் சூடு இருந்தால் பிடிக்காது என்பார். தட்டு முழுக்க வரிசை இலக்கம் போட்ட கேசட்டுகள். பக்கத்தில் ஒரு பெரிய பதிவேடு. கிடைத்த திகதி, படத்தின் பெயர், ஓடும் நேரம், பார்த்த திகதி என்று கந்தோர் இடாப்பு மாதிரியே கோடு கிழித்து வைத்திருந்தார். நிறம் என்று ஒரு பத்தி. அதில் மேலிருந்து கீழ்வரை ‘க.வெ., க.வெ.’ என்று கறுப்பு வெள்ளைக்குச் சுருக்கெழுத்து. படம் போடுவதற்கு முன்னால் தங்கையின் கடிதத்தில் அந்தப் படத்தைப் பற்றி உள்ள பகுதியை எழுந்து நின்று வாசிப்பார். பிறகு கலர் டீவியோடு பொருத்திய வீடியோ டெக்கில் கேசட்டைத் தள்ளுவார். சிங்களத் தோழிக்கு இங்கிலீஷும் அரைகுறை, கடிதத்துத் தமிழும் அரைகுறை. ஆனால் அழவேண்டிய இடத்தில் எங்கள் இருவருக்கும் முன்னால் அவள்தான் அழுவாள்.

அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்பதை ஒரு சொல் விடாமல் எழுதவேண்டும். சார் கடிதத்தை வாசித்தார். “அண்ணா, அந்தப் பெட்டை தோட்டத்து விருந்துக்கு உடுத்திக்கொண்டு படியில இறங்கி வாற பச்சைச் சட்டையைக் கவனிச்சுப் பாருங்கோ. அம்மா எனக்குக் கடைசியாத் தைச்சுத் தந்த சட்டையின்ர பச்சை அப்படியே. நான் படத்தை நிப்பாட்டிப்போட்டு அழுதனான்.” வாசிக்கும்போது அவருடைய குரல் ஒரு இடத்தில் தடுக்கியது. அம்மாவைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதே இல்லை. படம் ஓடியது. விருந்து வந்தது. படி வந்தது. அந்தப் பெண் இறங்கி வந்தாள். சட்டை சாம்பல் நிறம். தோட்டம் சாம்பல், புல் சாம்பல், வானம் சாம்பல். மற்றப் படங்களைப் போல இதுவும் கறுப்பு வெள்ளைதான். அவர் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தார். இன்னொரு தடவை ஓட்டினார். வேறு காட்சி ஏதும் இருக்கிறதா என்று கடைசிவரை பார்த்தார். சும்மா இருந்திருக்கலாம் நான். “உங்க தங்கச்சி பாக்காமலே அனுப்பியிருப்பாங்க சார். கடையில அட்டைப்படத்தப் பாத்துட்டு எழுதியிருப்பாங்க” என்றேன்.

இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஏதோ புத்திசாலித்தனமாகச் சொல்கிறோம் என்றுதான் சொன்னேன். அவர் முகம் இறுகியதைப் பார்த்த பிறகும், “கலர் அட்டைதானே போடுவாங்க, எல்லாத்துக்கும்” என்று இன்னொன்றையும் சேர்த்தேன். திங்கட்கிழமை அவர் தபாலுக்குக் கொடுத்த கடிதத்தில் என்ன இருந்தது என்று அவரே பிறகு சொன்னார். படம் கறுப்பு வெள்ளை. பார்க்காத படத்துக்கு அழுததாக எழுதவேண்டாம். அதற்கு அம்மாவை இழுக்கவும் வேண்டாம். மூன்றே வசனம். ஒரு மாதம் கழித்து வந்த பதில் ஒரே வசனம்: என்னைப் பொய்காரி என்று சொல்லிவிட்டீர்கள், இனி எழுதமாட்டேன். அதைக் கந்தோரில் வைத்துத்தான் பிரித்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நான் கொண்டுபோன கோப்பில் பிழை பிடிக்கத் தொடங்கினார். அடுத்த தீபாவளிக்குப் பார்சல் வரவில்லை. அதற்கடுத்த தீபாவளிக்கும் வரவில்லை. சனிக்கிழமைகள் நின்றுபோயின. டெக்குக்குத் துணி போர்த்தி மூடிவிட்டார்.

இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். அவர் ஓய்வுபெற்றார். பாதை திறந்த பிறகும் ஊருக்குப் போய் இருக்கவில்லை. அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். கிறிஸ்மஸ் பலகாரம், அது இது என்று ஏதாவது கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் வருஷத்துக்கு நாலைந்து தடவை போய்ப் பார்ப்பேன். பழைய டீவி செத்து, செய்தி பார்ப்பதற்கென்று தட்டை டீவி ஒன்று வாங்கியிருந்தார். அலுமாரிக்குள் பல்பு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. தங்கையைப் பற்றி ஒரு தடவை கேட்டேன். “சுகமா இருப்பா” என்றார். அந்த ‘இருப்பா’ என்ற சொல் என்னை உலுக்கிவிட்டது. இரண்டு பேருக்கும் வயதாகிறது. இப்படியே ஒருவருக்கொருவர் தெரியாமல் போய்விடுவார்களோ என்ற பயம் எனக்குள் குடியேறிவிட்டது. பயத்தோடு குற்ற உணர்வும். அன்றைக்கு நான் வாயைத் திறக்காதிருந்தால் அவர் தங்கையிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார், தீர்ப்பு எழுதியிருக்கமாட்டார்.

போன மாதம் எங்கள் கல்யாணக் கேசட்டை பென் டிரைவில் ஏற்றுவதற்காக டவுனில் ஒரு கடையைத் தேடிப் பிடித்தேன். போகிற வழியில் சாரிடமும் கேட்டேன். “ரெண்டு மூண்டைக் கொண்டுபோம். எனக்குப் பிறகு உதுகளை ஆர் பார்க்கப்போகினம்” என்றார். நானாகத்தான் அந்தத் தோட்டத்து விருந்துப் படத்தையும் எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் தெரியாது. ஆறாத புண்ணை நோண்டிப் பார்க்கிற குணம்தான். கடைக்காரர் ஒரு முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் கூப்பிடுவோம்; அவர் கேசட்டைத் திறந்து, நாடாவைத் துடைத்து, மெஷினில் போட்டார். நான் வாங்குப் பலகையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவருடைய சின்னத் திரையில் ஒரு தோட்டம், பச்சைப் பசேலென்று. சிவப்புப் பூக்கள். நீல வானம். படியில் அவள் இறங்கி வந்தாள், கொழுந்து வெற்றிலை நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு.

“நானா, இதுக்கு நீங்களா கலர் போட்டீங்க?” என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “நா எங்க புள்ள கலர் போட? இது கலர் படந்தானே. எந்த நாட்டு டேப் இது, கனடாவா? அங்க சிஸ்டம் வேற, நம்மட வேற. எல்லா நாட்டு டேப்பும் ஓடுற டெக் இருந்தா ஓடும், ஆனா நம்மட பழைய டீவில கலர் வராது. கறுப்பு வெள்ளையாத்தான் தெரியும். அந்தக் காலத்துல எத்தன பேரு டெக் பழுதுன்னு தூக்கிட்டு வந்தாங்க.” அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். இரண்டு பேருடைய இருபது வருஷத்தை விழுங்கிய விஷயம், கடைக்காரருக்குத் தினம் பார்க்கும் கோளாறு. கல்யாணக் கேசட்டை அங்கேயே விட்டுவிட்டு, அந்த ஒரு படத்தை மட்டும் ஏற்றித் தரச்சொல்லி வாங்கிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

முன்னுரை எதுவும் சொல்லவில்லை. பென் டிரைவைத் தட்டை டீவியில் செருகிப் போட்டேன். அவர் பார்த்தார். படியில் அவள் இறங்கியதும், “நிப்பாட்டும்” என்றார். நிறுத்தினேன். எழுந்துபோய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றார். “உதே பச்சைதான்” என்றார். “நானும் கடைக்குப் போனனான். அம்மா துணி எடுக்கேக்க நான்தான் பையைத் தூக்கினது.” நான் கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். பிறகு, இத்தனை வருஷமாகத் தொண்டையில் கிடந்ததையும் சொன்னேன். “நான்தாங்க சார் அன்னைக்கு வாய விட்டேன். நான் சொல்லாட்டி நீங்க அப்படி எழுதியிருக்க மாட்டீங்க.” அவர் திரும்பவில்லை. “நீர் சொன்னீர். எழுதினது நான்” என்றார். “பிறந்த நாள் முதல் என்னட்டப் பொய் சொல்லாத பிள்ளை அவள்.”

கடிதம் எழுதப்போவதாகச் சொன்னார். அதற்கு முதலில் ஒரு வரைவு எழுதவேண்டுமாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “சார், வரைவு எழுதி, திருத்தி, தபால்ல போட்டு, அது போய்ச் சேர்றதுக்குள்ள என்ன நடக்குமோ யாருக்குத் தெரியும்? போன் நம்பர் இல்லையா?” என்றேன். இருந்தது. பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில், இரண்டு தடவை வெட்டித் திருத்தி எழுதப்பட்டு. தங்கை வீடு மாறும்போதெல்லாம் யாரிடமோ கேட்டு எழுதி வைத்திருக்கிறார் மனுஷர். ஒரு தடவைகூட எடுத்துப் பேசவில்லை. அங்கே விடியட்டும் என்று பின்னேரம் ஆறு மணிவரை காத்திருந்தோம். அவர் இரண்டு தடவை முகம் கழுவினார்.

என் போனில்தான் எடுத்தேன், ஸ்பீக்கரில் போட்டு. “ஹலோ, ஆர்?” என்றது ஒரு வயதான குரல். சார் போனுக்குக் கிட்டக் குனிந்தார். இரண்டாவது தடவை “ஆர் கதைக்கிறது?” என்று கேட்டபோது, “சட்டை பச்சைதான் பிள்ளை” என்றார். தங்கை போனை வைத்துவிடுவாரோ என்று பயந்து நான் புகுந்து, டெக், டீவி, கனடா டேப் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். பாக்காமலே அனுப்பியிருப்பாங்க என்று சொன்ன படுபாவி நான்தான் என்பதையும் சொன்னேன். “அப்ப அண்ணா,” என்றது அந்தக் குரல், “நான் அனுப்பினது எல்லாத்தையும் கறுப்பு வெள்ளையிலயோ பார்த்தனீங்கள்? அந்தக் கடல், அந்தப் பூ, ஒண்டுமே காணேல்லையோ?” “காணேல்லை” என்றார் சார். அதற்குத்தான் தங்கை அழுதார். தன்னைப் பொய்காரி என்றதற்கு அல்ல, அண்ணன் நிறங்களைக் காணவில்லை என்பதற்கு. நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

அழுது முடித்து மூக்கை உறிஞ்சிவிட்டுத் தங்கை சொன்னார்: “நான் நிப்பாட்டேல்லை அண்ணா. எழுதமாட்டன் எண்டுதானே சொன்னனான். ஒவ்வொரு தீபாவளிக்கும் வாங்கித்தான் வைச்சிருக்கிறன். கடையில கேசட் இல்லாமப் போக, டிஸ்க் வாங்கினன். கீழறையில பெட்டி பெட்டியாக் கிடக்கு. பிள்ளையள் எறியச்சொல்லிச் சண்டை. அனுப்பட்டோ?” சார் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார், கடிதம் வாசிக்கும்போது நிற்பதுபோல. “அனுப்பாதை. நீ கொண்டு வா” என்றார்.

தங்கை அடுத்த மாதம் வருகிறார். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போக வேன் பேசியாயிற்று. பெட்டிகளுக்கு இடம் வேண்டுமென்று சார் பின் சீட் இரண்டைக் கழற்றச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் நான் வீட்டில் நிற்கிறேன், அண்ணன் தங்கச்சி சந்திக்கிற இடத்தில் எனக்கென்ன வேலை, பேசிக் கெடுத்தது போதும் என்றேன். அவர் பதறிப்போனார். “என்ன விசர்க் கதை கதைக்கிறீர்? இத்தினை வருஷத்துக்குப் பிறகு எனக்கு அவளோட முதல்ல என்னத்தைக் கதைக்கிறதெண்டு தெரியாது பிள்ளை. நீர் வாரும். வந்து, நான் தொடங்குமட்டும் நீர் கதைச்சுக்கொண்டிரும்.”