நாற்பத்து மூன்று வரியின் சொந்தக்காரர்

கொட்டாஞ்சேனையில் யாருக்காவது அவசரமாக ஒரு கையெழுத்து வேண்டுமென்றால் ஒஸ்வால்டின் வீட்டுக்குப் போவார்கள். பதவியோ முத்திரையோ அவரிடம் கிடையாது. மறுத்துச் சொல்ல வராத வாய்தான் அவருடைய ஒரே தகுதி. கலியாணப் பதிவுக்குச் சாட்சி, வாடகை ஒப்பந்தத்துக்குச் சாட்சி, "இந்தப் பிள்ளையைப் பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும்" என்று பள்ளிக்கூடத்துக்குக் கடிதம், எல்லாவற்றிலும் அவர் இருப்பார். சந்தியில் உள்ள பஸ் தரிப்பிடத்தை அகற்றச் சொல்லிப் போன பெட்டிசத்தில் பதினாலாவது கையெழுத்து அவருடையது. அகற்றவே கூடாது என்று அடுத்த கிழமை போன பெட்டிசத்தில் மூன்றாவது கையெழுத்தும் அவருடையதே. விசாரிக்க வந்த உத்தியோகத்தர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது, "ரெண்டு பக்கத்திலயும் நியாயம் இருக்கு, மாத்தையா" என்று சொல்லித் தப்பினார்.

ஆட்டோக்காரர் எவராவது வாசலில் நின்று, "அய்யே, பொட்டக் அத்சன் கரலா தென்ன" என்று சிங்களத்தில் ஒரு கையெழுத்துக் கேட்டுத் தாளை நீட்டினால், அது என்ன தாள் என்று பார்ப்பதற்கு முன்பே ஒஸ்வால்டின் கை சட்டைப் பையில் பேனையைத் தேடும்.

இப்பேர்ப்பட்ட மனிதரின் கையெழுத்துக்காக அமெரிக்காவில் ஒரு பெரிய கம்பனி பத்துக் கிழமை காத்துக் கிடந்தது என்றால் ஒழுங்கையில் யாரும் நம்பமாட்டார்கள். அவருடைய மனைவி பிறிஜெற்றே முதலில் நம்பவில்லை.

ஒஸ்வால்டுக்கு வயது ஐம்பத்தாறு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சரக்குக் கிளியரிங் ஏஜென்சியில் கம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கே வருகிற போகிற மின்னஞ்சலையெல்லாம் வாங்கி அனுப்பும் சேர்வரில் 'பெலிக்கன்' என்ற மென்பொருள் ஓடியது. ஹம்பர்க்கில் ஏழு பேர் நடத்திய சின்னக் கம்பனி ஒன்று அதை உருவாக்கி, எழுதிய வரிகள் அத்தனையையும் உலகத்துக்கு முன் விரித்து வைத்திருந்தது. யாரும் வாசிக்கலாம், சும்மா எடுத்துப் பாவிக்கலாம், பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம். திருத்தம் நன்றாக இருந்தால் சேர்த்துக்கொண்டு, எழுதியவரின் பெயரை வரிகளுக்கு மேலே போடுவார்கள். அந்த வரிகள் எழுதியவருக்கே சொந்தம். பாவிக்கும் உரிமை எல்லோருக்கும்.

ஒஸ்வால்ட் எழுதியது நாற்பத்து மூன்று வரி. அதற்கும் ஒரு கதை இருக்கிறது. தொண்ணூற்றாறாம் ஆண்டு மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது இலங்கையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். ஐந்து மாதத்தில் அரை மணி நேரம் பின்னால் இழுத்தார்கள். பத்து வருடம் கழித்து மிச்ச அரை மணியையும் இழுத்துப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்கள். இந்தக் கூத்து நடந்த காலம் முழுக்க அரசாங்கத்தின் பிடிக்கு வெளியே வன்னியில் இருந்தவர்கள் கடிகாரத்தைத் தொடவே இல்லை. பாவம் பெலிக்கனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பழைய மின்னஞ்சல்களை அரை மணி நேரம் பிந்தியோ முந்தியோ காட்டிக்கொண்டிருந்தது. ஏஜென்சியின் வழக்கு ஒன்றில், நாலு பத்துக்கு அனுப்பிய கடிதம் மூன்று நாற்பதுக்கு அனுப்பியதாகக் காட்டி, முதலாளி நீதிமன்றத்தில் தலை குனிய வேண்டி வந்தது. ஒஸ்வால்ட் மூன்று மாதம் உட்கார்ந்து, கொழும்பு நேரத்தையும் வன்னி நேரத்தையும் பிரித்துக் கணக்குப் பார்த்து, அந்த வரிகளை எழுதி ஹம்பர்க்குக்கு அனுப்பினார். சேர்த்துக்கொண்டார்கள். "ஒஸ்வால்ட், கொழும்பு" என்று மேலே பெயர் ஏறியது. அவர் கையெழுத்துப் போட்ட ஆயிரம் தாளில் ஒன்றுகூட அவருக்காகப் போட்டதில்லை. இந்த ஒன்றுதான் அவருடையது.

பெலிக்கனை அவர் ஏஜென்சியோடு விடவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் காசு வாங்காமல் கம்பியூட்டரில் பூட்டிக் கொடுத்தார். முகத்துவாரத்து மீனவர் சங்கம், பங்குப் பள்ளிக்கூடம், வெள்ளவத்தையில் ஒரு முதியோர் இல்லம் என்று ஒன்பது இடம். எல்லாம் கைச்செலவுக்கே திண்டாடுகிற இடங்கள்.

அப்போதுதான் அமெரிக்காவில் ஹல்வர்ட்டன் என்ற கம்பனி, ஹம்பர்க் கம்பனியை விலைக்கு வாங்கியது. அறிவிப்பில் "எதுவும் மாறாது" என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தது. ஒரு தடவை எழுதியிருந்தால் ஒஸ்வால்ட் நம்பியிருப்பார்.

அடுத்து ஒரு பத்திரம் வந்தது. பெலிக்கனில் வரி எழுதிய இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் தங்கள் உரிமையைக் கம்பனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மார்ச் முப்பத்தோராம் திகதிக்குள் எல்லாக் கையெழுத்தும் சேர்ந்தால் பெலிக்கன் கம்பனியின் தனிச்சொத்து. சேராவிட்டால், வாங்கும்போது செய்த உடன்படிக்கைப்படி அதை ஒரு அறக்கட்டளையிடம் விட்டுவிட வேண்டும். எப்போதும் போல எல்லோருக்கும் பொதுவாக இருக்கும். இருநூற்றுப் பதினொரு பேர் போட்டுவிட்டார்கள். சிலர் யோசிக்காமல், சிலர் கம்பனி கொடுத்த ஒரு டீ சேர்ட்டுக்காக.

ஒஸ்வால்டும் போட்டிருப்பார். அன்றைக்கென்று பார்த்து பிரின்டரில் மை முடிந்திருந்தது. மை வாங்கும்வரை பொழுது போகாமல் பத்திரத்தை வாசித்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு தாளை அவர் வாசித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வாசித்து முடித்ததும் தாளோடு குசினிக்குப் போனார்.

"பிறிஜெற், இதில நான் சைன் வைச்சா மீனவர் சங்கத்துக்காரர் மாசாமாசம் காசு கட்டவேணும். என்ர வரியை நானே பாக்க ஏலாது."

"அப்ப வைக்காதேங்கோ."

"அதை எப்பிடி அவங்களிட்டச் சொல்றது?"

பிறிஜெற் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பது வருடமாகக் குடித்தனம் நடத்துகிறவள். இவரால் ஏலாது என்று அவளுக்குத் தெரியும். அடுத்த நாளே அவரை லோயர்மாரின் கந்தோர்கள் நிறைந்த புதுக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

லோயர் இரத்தினசிங்கத்தின் கந்தோர் நீதிமன்றத்துக்கு எதிர்ப் பக்கம், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருந்தது. நாற்பது வருடமாக அவர் வாதாடுவது ஒரே வகை வழக்குத்தான்: வீட்டை விட்டு எழும்ப மறுக்கும் வாடகைக்காரர்களின் வழக்கு. மென்பொருள் என்றால் என்னவென்று அவர் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் வேறு.

"நீர் அங்க எத்தனை வருஷமா இருக்கிறீர்?"

"எங்க, சேர்?"

"அந்தப் பெலிக்கனில."

"பதினாறு வருஷம்."

"எவ்வளவு இடம் பிடிச்சிருக்கிறீர்?"

"நாப்பத்து மூண்டு வரி."

"சின்ன அறைதான். பறவாயில்லை. ஒரு குசினியை மட்டும் வைச்சுக்கொண்டு ஒரு மாடி வீட்டையே விக்க விடாமப் பண்ணின ஆள் என்னட்ட இருக்கிறார்." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வீட்டை வித்தாலும் உள்ளுக்கு இருக்கிறவனை விக்க ஏலாது. மூண்டு விஷயம் சொல்லுறன், கேளும். புது வீட்டுக்காரன் எழுதினா மறுமொழி எழுதாதையும். இடத்தைப் பூட்டிப்போட்டு எங்கயும் போகாதையும். வந்து பாக்கேக்க பூட்டு வேறயா இருக்கும். அவன்ர கையால ஒண்டும் வாங்கித் தின்னாதையும்."

ஒஸ்வால்ட் இந்த மூன்றையும் ஞாயிறு பிரசங்கத்தைக் கேட்பதைவிடப் பக்தியாகக் கேட்டார். அதுதான் வினையாகிப் போயிற்று. இடத்தில் ஆள் இருப்பதைக் காட்டவேண்டும் என்பதற்காக, சனிக்கிழமை தோறும் தன் நாற்பத்து மூன்று வரியைத் திறந்து, விளக்கக் குறிப்பில் ஒரு காற்புள்ளியைப் போட்டு அனுப்புவார். அடுத்த சனி அதை எடுத்துவிடுவார். ஹம்பர்க்காரர்கள் தலையைச் சொறிந்துகொண்டு ஏற்றுக்கொண்டார்கள். நீர்கொழும்பில் நடந்த தங்கச்சி மகளின் கலியாணத்துக்கும் அவர் போகவில்லை.

"கம்பியூட்டருக்குள்ள இருக்கிற வீட்டுக்கு நீங்கள் ஏன் கொட்டாஞ்சேனையில காவல் இருக்கிறீங்கள்?" என்று கேட்டாள் பிறிஜெற், பட்டுச் சேலையோடு வாசலில் நின்று.

"சேர் சொன்னவர்."

"சேருக்கும் விசர், உங்களுக்கும் விசர்." அவள் தனியாகவே கலியாணத்துக்குப் போய் வந்தாள்.

இதற்கிடையில் ஹல்வர்ட்டன்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள். ஒஸ்வால்டின் வரிகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று ஓர் இஞ்சினியரை வைத்தார்கள். பழையதைப் பார்த்து எழுதினால் அது கொப்பி என்று வழக்கு வரும். ஆகவே அந்த மனுசன் பார்க்காமல் எழுதவேண்டும். எழுதாமலே விடவும் முடியாது, ஏனென்றால் அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர்கள் கப்பல் இன்சூரன்ஸ்காரர்கள். அரை மணி நேரத்துக்கு வழக்குப் போடுகிற ஆட்கள். ஐந்தாம் கிழமை அந்த இஞ்சினியரிடமிருந்து ஒஸ்வால்டுக்கு மின்னஞ்சல் வந்தது: "உங்கள் நாட்டில் நேரம் மூன்று முறை மாறியதாம், சரியா?" ஏழாம் கிழமை: "ஒரே நாட்டில் ஒரே வேளையில் இரண்டு நேரம் ஓடியதாக வாசித்தேன். இது அச்சுப் பிழைதானே?"

மறுமொழி எழுதக் கூடாது. கேட்டவருக்கு இல்லையென்று சொல்லிப் பழகாத மனிதருக்கு இதைவிடப் பெரிய வாதை கிடையாது. சோறு இறங்கவில்லை. "பாவம் அந்த மனுசன், பிறிஜெற், நாலு வரியில விளங்கப்படுத்தலாம்" என்று புலம்பினார். பிறிஜெற் கீபோர்ட்டைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சனிக்கிழமைகளில் மட்டும் வெளியே எடுத்துக் கொடுத்தாள்.

மார்ச் முப்பத்தோராம் திகதி பின்னேரம் மூன்று மணிக்கு வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. ஹல்வர்ட்டனின் கொழும்புக் கந்தோரிலிருந்து ரிஸ்லா என்ற பெண் இறங்கினாள். இருபத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு பைலும், பெரிய வட்டிலப்பப் பாத்திரமும்.

"அஞ்சு மணிக்கு முந்தி நான் அமெரிக்காவுக்கு அனுப்பணும், அங்கிள்" என்றாள். "உம்மா செஞ்ச வட்டிலப்பம். சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்."

ஒஸ்வால்ட் பாத்திரத்தைப் பார்த்தார், பிறகு முகட்டைப் பார்த்தார். கருப்பட்டியும் ஏலக்காயும் கலந்த வாசம் வீடு முழுக்கப் பரவியது. பிறிஜெற் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

பத்திரம் மேசைக்கு வந்தது. ரிஸ்லா சுட்டிக்காட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டிருந்தது. பேனை எப்படிக் கைக்கு வந்தது என்று ஒஸ்வால்டுக்கே தெரியவில்லை.

"என்ர பேர் இருக்குமோ, மகள்?"

"எங்கட வெப்சைட்ல போடுவம், அங்கிள்."

"அதில்லை. வரிக்கு மேல."

ரிஸ்லா பொய் சொல்லத் தெரியாத பெண். "வரிய இனி ஆரும் பாக்க ஏலாதே" என்றாள் மெதுவாக.

"முகத்துவாரத்தில மீனவர் சங்கம் ஒண்டு இருக்கு. அவையள்?"

"சல்லி கட்டினா பாவிக்கலாம்."

"கட்ட மாட்டினம். அவையளிட்ட இல்லை."

அவள் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "இவ்வளவு தூரம் இதுக்குத்தான் வந்த, அங்கிள். ஒரே ஒரு சைன்தான்."

ஒரே ஒரு சைன்தான். ஆயுள் முழுக்க இந்த வார்த்தைக்கு அவர் மடங்கித்தான் வந்திருக்கிறார். பேனை முனை தாளைத் தொட்டது. ஒரு நீலப் புள்ளி விழுந்தது. குசினியில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிற்று.

"ஏலாது, மகள்" என்றார் ஒஸ்வால்ட்.

சொன்னபிறகு காது இரண்டும் சுட்டன. பெற்ற பிள்ளையைக் கைநீட்டி அடித்துவிட்ட மாதிரி வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு அடியில் சின்னதாக ஒரு சந்தோஷமும் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவருக்கே பிடிபடவில்லை. வானம் இடிந்து விழவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

ரிஸ்லா பத்திரத்தை எடுத்துப் பைலுக்குள் வைத்தாள். பிறகு போனை எடுத்து வெளி வாசலில் நின்று ஆங்கிலத்தில் பேசினாள். திரும்பி வந்தபோது முகத்தில் களைப்பு இருந்தது, கோபம் இருக்கவில்லை.

"முடிஞ்சிச்சு, அங்கிள். பெலிக்கன் எங்கட கைய விட்டுப் போயிட்டு. நாளைக்கே அறக்கட்டளைக்கு எழுதிக் குடுக்கச் செல்லிட்டாங்க. உங்கட வரி அப்பிடியே ஈக்கும், பேரோட."

பிறிஜெற் மூன்று பீங்கானில் வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தாள். பத்துக் கிழமைக்குப் பிறகு ஒஸ்வால்டுக்கு நாக்கில் ருசி தெரிந்தது. "உம்மாட்டச் சொல்லு மகள், அருமை எண்டு" என்றார், வாய் நிறைய வைத்துக்கொண்டு. கண்ணும் நிறைந்திருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

ரிஸ்லா சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்தாள். பைலுக்குள்ளிருந்து இன்னொரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அதிலும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி இருந்தது.

"இது என்ன?"

"நான் வந்து கேட்ட, நீங்க சைன் வெக்க ஏலா எண்டு செல்லிட்டீங்க எண்டதுக்கு, உங்கட ஒரு சைன். கந்தோர்ல பைல்ல போடணும், அங்கிள். சும்மா ஒரு போர்ம்தான்."

ஒஸ்வால்டின் கை பழக்கத்தில் பேனையை எடுத்தது. தாளை இந்தப் பக்கம் வாசித்தார். திருப்பி அந்தப் பக்கம் வாசித்தார். அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த சின்ன எழுத்தையும் கண்ணாடியை உயர்த்தி வாசித்தார். பிறகு பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"ஏலாது, மகள்."

இரண்டாவது தடவை அது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.