குஞ்சம்மாள் போட்ட ஓட்டு

செஞ்சிக்கோட்டை அடிவாரத்தில், வீராசாமியின் களத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துப் பிழைத்தவள் குஞ்சம்மாள். புருஷன் இல்லாதவள். குடியிருந்த குடிசையும் வீராசாமியின் நிலத்தில்தான் இருந்தது. வாயில்லாப் பூச்சி என்று ஊரே அவளைச் சொல்லும். நான் சொல்லமாட்டேன்.

அறுபத்தேழு தேர்தலுக்கு முந்தின வாரம், வீராசாமி தன் ஆட்களையெல்லாம் வண்டி கட்டி மேல்மலையனூருக்கு அழைத்துப் போனார். அங்காளம்மன் எதிரில் சூடம் ஏற்றி, அவர் காட்டும் ஆளுங்கட்சிச் சின்னத்துக்கே போடுவதாக ஒவ்வொருவரும் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். குஞ்சம்மாளும் அணைத்தாள். ஆனால் ஓட்டுச்சாவடி மறைப்புக்குள் தனியாக நின்றபோது, ரேஷன் கடையிலிருந்து வெறும் பையோடு திரும்பிய நாளெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தது. மற்ற சின்னத்தில் முத்திரையை ஓங்கிக் குத்திவிட்டு வந்துவிட்டாள்.

வீராசாமியின் ஆள் தோற்றார். சத்தியம் தவறியது யார் என்று தேட ஆரம்பித்தார்கள். வெறும் சந்தேகத்தின் பேரில், அதே களத்தில் வேலை செய்த வள்ளியம்மாளின் குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். பாவம், அவள் சத்தியம் செய்தபடியே போட்டவள். குஞ்சம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மனை நினைத்தால் பயம், ஆண்டையைக் கண்டால் பயம், வள்ளியம்மாள் முகத்தில் விழிக்கவும் பயம்.

அந்த நேரம் பார்த்து மெட்ராஸிலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரர் வந்து சேர்ந்தார். நம் நாட்டு ஜனநாயகம் எப்படி நடக்கிறதென்று ஜனங்களையே கேட்கிறாராம். கேட்பதற்கு அவருக்குக் கிடைத்த இடம் வீராசாமியின் களம். கணக்கப்பிள்ளை தனகோட்டி அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டான்.

"யாரும் சொல்லாம, உங்க இஷ்டத்துக்குத்தான் ஓட்டுப் போட்டீங்களாம்மா?"

குஞ்சம்மாள் தனகோட்டியை ஓரக்கண்ணால் பார்த்தாள். ஆமாம் என்பதுதான் உண்மை. அதைச் சொன்னால் சாயங்காலம் குடிசை இருக்காது. அவள் தயங்குவதைப் பார்த்து, யாருக்குப் போட்டீர்கள் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது, பயப்படாமல் சொல்லுங்கள் என்று அவர் தைரியம் சொன்னார். தனகோட்டி இன்னும் கிட்டே வந்தான்.

"எனக்கு இன்னாங்க தெரியும்? ஆண்டை காட்டுனதுலதாங்க குத்துனேன்."

தனகோட்டி சிரித்தான். ஆராய்ச்சிக்காரர் உச்சுக் கொட்டினார். இந்த ஜனங்கள் சுயமாக ஓட்டுப் போட இன்னும் எத்தனை காலம் ஆகுமோ என்று தனகோட்டியிடமே சொல்லி வருத்தப்பட்டார். அந்த மனுஷன் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

குஞ்சம்மாள் குனிந்துகொண்டாள். அடுத்த மல்லாட்டையை எடுத்து உடைத்தாள். மனசுப்படி ஓட்டுப் போட்ட ஒருத்தி காலடியில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியவில்லை. தெரியாமலே போய்விட வேண்டும் என்றுதான் அவளும் வேண்டிக்கொண்டிருந்தாள்.