வெளியிலிருந்து மூடும் கூடாரம்

அம்மா எந்த இருக்கையிலும் நேராகப் போய் உட்கார்ந்ததில்லை. முதலில் கட்டைவிரல் இருக்கையின் அடிப்பக்கம் போகும். தையல் ஓடியிருக்கும் விளிம்பை ஒரு சாண் தூரம் தடவிப் பார்க்கும். அதற்குப் பிறகுதான் உட்காருவாள். பஸ்ஸில் அப்படித்தான், பல் டாக்டரிடம் அப்படித்தான். மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போன அன்று முதல்வர் அறையிலும் அப்படித்தான். முதல்வர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து மகளின் காதருகே குனிந்து, "ஒத்தத் தையல். ரெண்டு வருஷம் தாங்காது" என்றாள். மகளுக்கு மானம் போயிற்று. மூன்றாம் ஆண்டில் அதே நாற்காலியின் ஓரம் பிரிந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. அன்று எதற்காகக் கூசினோம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

பஸ், வேன் இருக்கைகளுக்கு உறை தைக்கும் கடை அம்மாவுடையது. இருபத்திரண்டு வருஷமாக ஒரே மெஷின், ஒரே ஸ்டூல். எதையும் இரண்டு ஓட்டம் ஓட்டாமல் கையை விட்டு அனுப்பமாட்டாள். டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'ரெட்டைத் தையல் அக்கா'. சொன்ன தேதிக்குச் சரக்கு தயாராக இருக்கும். அதில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள் மகள். நிலத்தடி நீர் பற்றிப் படித்தாள். பதினோரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரில் வேலை கிடைத்தது. மாதத்தில் இருபது நாள் வெளியிடங்களில், கூடாரத்தில் தங்க வேண்டியிருக்கும் என்று கடிதத்தில் ஒரு வரி இருந்தது. வேன் ஓட்டும் அப்பாவுக்கு அந்த ஒரு வரி தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது.

"பக்கத்துத் தெரு ஆபீஸ்ல கூப்பிடறாங்க. ஃபேன் காத்துல உக்காந்து வேலை. அத விட்டுட்டு டென்ட்ல போய்ப் படுக்கணும்னு என்ன தலையெழுத்து?"

அம்மா மெஷினை நிறுத்தாமலே சொன்னாள். "ஒரு தடவை படுத்துப் பாத்துடலாம். மூணு பேரும் போவோம். அவளால முடியலன்னா நீங்க சொல்ற ஆபீஸு."

"முடிஞ்சா?"

"முடிஞ்சா நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

பந்தயம் அவர்கள் இருவருக்கும் இடையில் முடிவாகிவிட்டது. மகளை யாரும் கேட்கவில்லை. அவளுக்கே சந்தேகமாக இருந்தது. இந்த வேலை நிஜமாகவே பிடித்திருக்கிறதா, இல்லை, வீட்டில் முதலில் படித்தவள் என்பதால் பிடித்துத்தான் ஆகவேண்டும் என்று நினைக்கிறோமா? பயணம் சொதப்பிவிட்டால் நல்லது என்றுகூட ஒரு நாள் தோன்றியது.

கடையில் விற்கும் கூடாரத்தை அம்மா ஒரு தடவு தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். தானே தைத்தாள். ஒன்பது நாள், மற்ற வேலைகளுக்கு நடுவே. நீலத் தார்பாய், ஓரமெல்லாம் மஞ்சள் பைப்பிங் நாடா, எல்லாத் தையலும் இரட்டை ஓட்டம், ஊசித் துளைகளின் மேல் மெழுகு. விரித்துப் பார்த்தபோது சொகுசு பஸ்ஸின் சீட்டை யாரோ ஊதிப் பெரிதாக்கியது போல இருந்தது.

வேனில் போய் இறங்கிய ஏரிக்கரையில் அப்பா கூடாரம் போட ஓர் இடத்தைக் காட்டினார். "வீட்டுத் தரை மாதிரி இருக்கு பாரு."

அங்கே புல் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்ததை மகள் கவனித்தாள். "அப்பா, மழை வந்தா இதுவழியாத்தான் தண்ணி எறங்கும். மேட்டுல போடலாமே."

"மேட்டுல படுத்தா உருண்டு ஏரிக்குள்ள போய்டுவோம். படிச்சவங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். வானம் வெள்ளையாகத்தான் இருந்தது. ஒருவேளை தான் புத்தகத்தைப் பார்த்துப் பேசுகிறோமோ என்று இருந்தது அவளுக்கு.

நாலு மணிக்குக் கறுத்தது. முதல் தூறலுக்கே மூவரும் உள்ளே புகுந்தார்கள். அப்பா வாசலை மூடக் கை நீட்டினார். ஜிப்பை இழுக்கும் ரன்னரைத் தேடி அவர் கை மேலும் கீழும் போய் வந்தது.

"எதப் புடிச்சு இழுக்கறது?"

அம்மா கட்டைவிரலால் ஜிப்பின் நெடுகத் தடவினாள். முகம் மாறியது. "ரன்னர வெளிப்பக்கம் வெச்சுட்டேன்."

"வெளிப்பக்கமா?"

"சீட்டுக் கவருக்கு வெளியதான வெப்போம். கவருக்குள்ள யாரு உக்காந்துகிட்டு இழுக்கப் போறா?"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் சாரல் படுக்கையை எட்டிப் பார்த்தது. அப்பா எழுவதற்குள் அவள் குனிந்து வெளியே போய், ரன்னரைப் பிடித்துக் கீழ்வரை இழுத்து மூடினாள்.

திரும்பிப் பார்த்தபோது சரிவிலிருந்து ஒரு சின்ன நாக்கு போலத் தண்ணீர் இறங்கி வந்துகொண்டிருந்தது. நேரே கூடாரத்தை நோக்கி. சாப்பாட்டுத் தட்டு ஒன்று வாசலில் கிடந்தது. அதை எடுத்துத் தோண்ட ஆரம்பித்தாள்.

"பாப்பா, உள்ள வா." அப்பாவின் குரல் தார்பாய்க்குள்ளிருந்து வந்தது.

"நான் வந்தா யாருப்பா மூடுறது?"

"வேனுக்குள்ளயாவது போய் உக்காரு."

"இங்க வேலை இருக்குப்பா."

"சும்மா கத்தாதீங்க" என்றாள் அம்மா. "பந்தயம் ஓடிட்டிருக்கு."

முக்கால் மணி நேரம். தலையிலிருந்து கால்வரை நனைந்து, நகக்கண்ணெல்லாம் சேறு. தண்ணீர் எங்கே வளையும் என்று அது வளைவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் தட்டை ஊன்றினாள். தண்ணீர் சொன்னபடி கேட்டது. வாரக்கணக்காக மண்டையைக் குடைந்த கேள்வி, இவ்வளவு நேரமாக ஞாபகத்துக்கே வரவில்லை என்பது மழை விட்ட பிறகுதான் உறைத்தது.

ஜிப்பைத் திறந்தாள். பார்சல் கட்டிய சாமான் மாதிரி இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. அப்பா வெளியே வந்து, கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு ஏரிக்கு ஓடும் வாய்க்காலைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். அது ஒரு பக்கம் நெளிந்துபோயிருந்தது.

"எந்தக் கிழமை பஸ்ஸு உனக்கு?" என்றார்.

அம்மா கைப்பையிலிருந்து துணிக்குக் குறி போடும் சாக்பீஸை எடுத்து, வாசலின் உள்பக்கம் கோடு கிழித்தாள். "நீ கெளம்பறதுக்குள்ள உள்ள ஒரு ரன்னர் வெச்சுத் தரேன். இது என் பொறுப்பு."

அடுத்த வாரமே நாற்பத்தெட்டு சீட் ஆர்டர் ஒன்று வந்து விழுந்தது. மகள் கூடாரம் இல்லாமலேயே பஸ் ஏறினாள்.

அது நடந்து மூன்று வருஷம். வேலையிடத்துக் கூடாரத்தில் இரு பக்கமும் ரன்னர் இருக்கிறது. அதன் தையலைத் தடவிப் பார்க்காமல் அவள் உள்ளே நுழைவதில்லை, ஒற்றைத் தையல்தான். போன் பேசும்போதெல்லாம் "என் ரன்னர் என்னாச்சு?" என்று கேட்பாள். "இந்த வாரம்" என்று பதில் வரும். விடுமுறைக்கு வந்தால் மூவரும் ஏரிக்கரைக்குப் போகிறார்கள், இப்போது மேட்டில் போடுகிறார்கள். மூடுவதற்கு மகள்தான் வெளியே இறங்குகிறாள்.

இந்த முறை வந்தபோது கடைப் பரணில் கூடாரம் மடித்துக் கிடந்தது. பிரித்துப் பார்த்தாள். பழைய கோடு அழிந்த இடத்தில் புதுச் சாக்பீஸ் கோடு.

"ஏம்மா, கோடு மட்டும் வருஷா வருஷம் போடுறே?"

"தைக்கத்தான போறேன். என்ன அவசரம் உனக்கு?" என்று அம்மா மெஷினை மிதித்தாள்.

ரெட்டைத் தையல் அக்கா சொன்ன தேதிக்குக் கொடுக்காத ஒரே வேலை அது. இன்னும் பாக்கி.