அழுதவளைத் தாண்டிப் போனேன்

என் மனைவியின் கால் முறிந்த அன்று, வடக்குத்து என்ற ஊரில் அவள் தம்பி மனைவியின் வளைகாப்புக்குப் போய்விட்டு நாங்கள் ஸ்கூட்டரில் சுரங்கக் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். சாயங்கால நேரம். ஒரு மாடு குறுக்கே வர, எதிரே பைக்கில் வந்த இளைஞர் அதற்கு ஒதுங்கி எங்கள் மேல் மோதினார்.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். எழுந்து பார்த்தேன். மனைவி ரோட்டோரம் விழுந்து கிடந்தாள். முழங்காலுக்குக் கீழே கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

"ஏங்க, காலு போச்சுங்க. இங்க வாங்க" என்று கதறினாள்.

அவளுக்கு அப்பால் அந்த இளைஞர் குப்புறக் கிடந்தார். அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

நான் சுரங்கத்தில் வேலை செய்கிறவன். முதலுதவிப் பயிற்சி எடுத்திருக்கிறேன். பலர் அடிபட்டுக் கிடந்தால் கத்துகிறவரிடம் முதலில் போகக்கூடாது, பேச்சில்லாமல் கிடப்பவரிடம்தான் போக வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது. வகுப்பில் தலையாட்டியவர்களில் நானும் ஒருவன்.

மனைவியைப் பார்த்தேன். ரத்தம் அதிகம் போகவில்லை. நினைவோடு பேசினாள். "அசையாத. காலைத் தூக்காத. வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவளைத் தாண்டிப் போனேன்.

இளைஞரின் வாயில் ரத்தமும் வாந்தியும் அடைத்திருந்தன. மூச்சு களகளவென்று திணறியது. அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். இன்னொருவர், "ஆட்டோல தூக்கிப் போட்டுக்கினு போயிடலாம்" என்றார்.

"தண்ணி வேணாங்க. தூக்கவும் வேணாம். ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுங்க" என்றேன்.

இளைஞரின் தலையும் கழுத்தும் திருகாமல் நான் பிடித்துக்கொள்ள, இரண்டு பேர் உடம்பை ஒன்றாகப் பக்கவாட்டில் திருப்பினார்கள். வாயில் இருந்ததை விரலால் வழித்தெடுத்தேன். மூச்சு சீரானது. ஆனால் தலையைத் தாங்கிய கையை எடுக்க முடியவில்லை. பின்னால் மனைவி என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். யாரோ ஒரு பெண் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டது மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அந்த மௌனம் கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஆபரேஷன் செய்து காலில் பிளேட் வைத்தார்கள். அந்த இளைஞரும் பிழைத்துக்கொண்டார். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து அவருடைய அம்மா பழங்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"எம்புள்ள உசுரோட இருக்குதுன்னா அது உங்களாலதாங்க" என்று கும்பிட்டார். எனக்கு அந்தக் கும்பிடை வாங்கிக்கொள்ளக் கூசியது.

மனைவி படுத்தபடியே அவரிடம் நன்றாகப் பேசினாள். மகன் சாப்பிடுகிறானா, தலைவலி இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்தாள். அவர் போன பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எம்மேல கோவமா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. நீங்க எங்கிட்ட வந்திருந்தா அந்தப் புள்ள செத்திருக்கும். எனக்குத் தெரியுது" என்றாள். பிறகு, "ஆனா நானா இருந்தா உங்ககிட்டதான் ஓடியாந்திருப்பேன். தப்புன்னு தெரிஞ்சாலும்" என்றாள்.

அவள் குற்றம் சாட்டவில்லை. சாட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். தலையணையைச் சரிசெய்து அவள் காலை மெல்லத் தூக்கி வைத்தேன். செய்தது சரிதான் என்று எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும், சாலையில் அவள் பார்த்த பார்வை மனசை விட்டுப் போகவில்லை.

இப்போது அவள் கம்பு ஊன்றாமல் நடக்கிறாள். படி இறங்கும்போது மட்டும் கையை நீட்டுவாள். நான் பிடித்துக்கொள்வேன். "இவ்ளோ இறுக்கிப் பிடிக்காதீங்க, கை வலிக்குது" என்பாள்.