மலையாண்டி விழுந்த கூண்டு

மாரியூர்க் கடற்கரையை ஒட்டி, கருவேலங்காட்டுக்கு நடுவே ஒரு கம்பெனி இருக்கிறது. கார் கம்பெனிகளுக்கு மின்சாரக் காரின் பேட்டரியும், சக்கரத்தைச் சுற்றவைக்கும் மோட்டாரும் கியர்பெட்டியும் செய்து கொடுக்கிறவர்கள். செய்வதெல்லாம் வேறெங்கோ. இங்கே உப்புக்காற்றில் போட்டு, தாங்குகிறதா என்று பார்ப்பது மட்டும்தான். காரே இல்லாமல் கார் ஓடும் இடம் அது. கம்பிக் கூண்டுகளுக்குள் மோட்டார்கள் தம்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். எங்கேயும் போய்ச் சேராது. புதிதாக வருகிறவர்கள் ஓரடி தள்ளியே நிற்பார்கள்.

குருநாதன் அப்படி நின்றதில்லை. முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்க் கொல்லையும் உழவு மாடுமாக இருந்தவர், மழை ஏமாற்றியபின் இங்கே கூண்டு துடைக்க வந்தார். இஞ்சினியர் பிரபு அவருக்குச் சொன்னது ஒரே பாடம்தான். கூண்டுக்குள் போகிறவர் பேட்டரியின் பின்பக்கம் இருக்கும் ஆரஞ்சு பிளக்கைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அது பையில் இருக்கும்வரை மோட்டாருக்கு மின்சாரம் போகாது. குருநாதனுக்கு உடனே பிடிபட்டது. அவர் ஊரில் மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள்; கயிறு வீட்டில் இருந்தால் மாட்டு ராசி வீட்டை விட்டுப் போகாது என்பார்கள்.

"நம்ம கயிறு மாதிரித்தேன் மாப்ள" என்று கூட வேலை பார்த்த மலையாண்டியிடம் சொன்னார். அவனும் அதே ஊர்தான். "கயித்த மட்டும் வச்சுக்கிட்டு மாடு மேய்க்கிற ஆளுய்யா நீரு" என்று சிரித்தான்.

அந்த மலையாண்டி ஒருநாள் உச்சி வெயிலில், கூண்டுக்குள் உப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்தான். மின்சாரம் தாக்கியதல்ல, பிளக் அவன் பையில்தான் இருந்தது. மாரடைப்பு என்றார்கள். பிளக் அவன் சட்டையோடு ஊருக்குப் போய்விட்டது. அந்தத் துக்கத்தில் போய் யார் கேட்பது? கம்பெனி புதிதாக ஒன்று வரவழைத்தது. கூண்டைத் திரும்ப ஓட்டும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று பிரபு அதைக் குருநாதனிடம் கொடுத்தார். மலையாண்டி கழற்றிய பேட்டரி மூடிகூட அப்படியே தரையில் கிடந்தது.

கூண்டு ஓடவில்லைதான். ஆனாலும் உச்சி வேளையில் அந்த மோட்டாரின் தண்டு மெல்ல அசைவதைக் குருநாதன் பார்த்தார். "கடல்காத்துண்ணே" என்றார் பிரபு. அந்தக் காற்று மற்ற கூண்டுகளை ஏன் தொடவில்லை என்று குருநாதன் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

மலையாண்டியின் மனைவி முருகலட்சுமிக்கு ஒரு குறை. அவன் உயிர் போன இடத்தில் பால் ஊற்றவில்லை. ஊற்றாதவரை வேலை முடியவில்லை என்று அங்கேயே நின்றுகொண்டிருப்பான் என்று அழுதாள். கம்பெனியில் வந்து கேட்டும் பார்த்தாள். கூண்டுக்குள் ஈரமே ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். குருநாதனுக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

அன்று கம்ப்யூட்டர் அறை பூட்டிக் கிடந்தது. ஒரு மோட்டாரும் ஓடவில்லை. வாசலில் காவல்காரர் சீனி முகம்மது மட்டும் இருந்தார். முருகலட்சுமியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு வழிவிட்டார்.

கூண்டைத் திறந்த குருநாதன் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். "கரண்டு வராம பிடிச்சு வைக்கிற சாமான் எங்கிட்ட இருக்கு தங்கச்சி. பயப்படாம உள்ள வா. ஒனக்கு ஒண்ணும் ஆகாது, நானாச்சு."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அவன் கை கடைசியாகப் பட்டது எது என்று கேட்டாள். குருநாதன் பேட்டரியைக் காட்டினார். அப்படியானால் முதல் பால் அதற்குத்தான் என்று செம்பைத் தூக்கினாள்.

மோட்டார் சுற்றியது.

காற்று இல்லை. கருவேல இலைகூட அசையவில்லை. தண்டு முதலில் மெல்ல, பிறகு விசையாகச் சுற்றியது. தூக்கிய செம்பு அவள் கையில் அப்படியே நின்றது.

"அவுக வேணாங்கிறாக" என்றாள் முருகலட்சுமி.

குருநாதன் இருக்கிறதா என்று பையிலிருந்து பிளக்கை எடுத்துப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"இதே மாதிரி ஒண்ணு அவுக சட்டப்பையில கெடந்துச்சுண்ணே. போன வாரம் கேக்க வந்தப்ப வாசல்ல பாய்ட்ட குடுத்துட்டுப் போனேனே."

குருநாதன் பேட்டரியின் பின்பக்கம் குனிந்தார். பழைய பிளக் அதன் துளையில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. பேட்டரிக்கு உயிர் இருந்தது. மூடியில்லாத அதன் தலைக்கு மேலே ஒரு செம்புப் பால்.

"பின்னால நகரு தாயி, நகரு" என்று கத்தினார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த சீனி முகம்மது கூண்டுக்கு வெளியே நின்றுவிட்டார். "மவுத்தான மனுசரோட அமானிதம்ணே, நம்மள நம்பி வந்த பொருளு. எடுத்த எடத்துல சேத்துரணும்ல? நாந்தேன் உள்ள வச்சேன்." குருநாதனுக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. பையைத் தொட்டுக் காட்டிய மகராசன் தான்தானே, துளையைப் பார்த்திருக்க வேண்டாமா?

பழைய பிளக்கைப் பிடுங்கினார். ஒரு கையில் பழையது, ஒரு கையில் புதியது. மோட்டார் நிற்கவில்லை.

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் அசைந்தவள் முருகலட்சுமிதான். பேட்டரியை விட்டு விலகி, அவன் விழுந்த தரையில் உட்கார்ந்து பாலை ஊற்றினாள்.

"வேல முடிஞ்சிருச்சு. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

தண்டு தளர்ந்தது. நின்றது.

குருநாதன் அவளை ரோடு வரை கொண்டுவந்து விட்டார். டவுன் பஸ் வந்தது. குருநாதன் கீழேயே நின்றார். அவள் ஏறி சன்னலோரம் ஒதுங்கி உட்கார்ந்தாள். கண்டக்டர் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு நகரப் போனார். அவள் முந்தானை முடிச்சிலிருந்து சில்லறையை எடுத்து நீட்டினாள்.

"ஆம்பள டிக்கெட்டு ஒண்ணு குடுங்க."

கண்டக்டர் சன்னல் வழியே குருநாதனைப் பார்த்தார். "அவரு ஏறலையேம்மா?"

"அந்த அண்ணனுக்கு இல்ல" என்று சொல்லி, பக்கத்து இருக்கையில் வைத்திருந்த செம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள் முருகலட்சுமி.