உப்பில்லாத மண்

மண்ணுக்குப் பரிசோதனை வைக்கப்போகிறார்கள் என்று வீட்டில் பேசிக்கொண்டபோது நான் நான்காம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். அதனால் எனக்கு அதில் வியப்பு ஒன்றும் ஏற்படவில்லை. எங்களையே விடாதவர்கள் மண்ணை மட்டும் விடுவார்களா என்றுதான் நினைத்தேன்.

பரீட்சைக்கு உட்கார வேண்டிய மண் சித்தப்பாவுடையது. மரக்காணத்து உப்பளங்கள் முடிந்து கழுவெளி ஏரி தொடங்குகிற இடத்தில் எங்களுக்கு நிலம் இருந்தது. பாகம் பிரித்தபோது மேடு அப்பாவுக்கும் பள்ளம் சித்தப்பாவுக்கும் வந்தன. பிரித்தவர் அப்பா. சித்தப்பா அப்போது ஊரில் இல்லை. கள்ளக்குறிச்சிப் பக்கம் பொக்லைன் ஓட்டப் போனவர், கல்வராயன் மலையில் கல்யாணமும் முடித்துக்கொண்டு, சித்தியோடு திரும்பி வந்தபோதுதான் தனக்கு விழுந்தது பள்ளம் என்று தெரிந்துகொண்டார். அவர் சண்டை போடவில்லை. "இந்த ஒரு போகம் பாக்குறோம்ணா. சரிப்படலன்னா மலைக்கே போயிடுறோம்" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னார்.

அவர் போனால் சித்தியும் போய்விடுவாள். அந்த வீட்டில் நான் கேட்கிற கேள்விக்குக் கடைசிவரை பதில் சொல்கிற ஒரே ஆள் சித்திதான். மற்றவர்கள் பாதியிலேயே "போய்ப் படி" என்பார்கள். சித்தி போட்டுவிட்ட பின்னல் சாயங்காலம் வரை அவிழாது. அவள் வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் நான் எப்படி இருந்தேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

மாதிரி எடுக்கும் நாளில் சித்தி பள்ளத்து நிலத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினாள். கேட்டது அரை அடிதான். அவளாகத்தான் மேலும் வெட்டிப் பார்த்தாள். மேலே கறுப்பு மண். கீழே போகப்போக அடுப்புச் சாம்பல் நிறம். அந்தச் சாம்பலில், பழைய வேர்கள் ஓடிய தடமெல்லாம் துருப்பிடித்தாற்போல் செம்புள்ளிகள். ஒரு கட்டியை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள். எனக்கும் காட்டினாள். சாக்கடை நாற்றம்.

"இதுல வருசத்துக்கு நாலு மாசம் தண்ணி நிக்கிது. உள்ள காத்து போவாது, வேரு மூச்சு விடாது. எங்க ஊரு ஓடைப்பள்ளம் பூரா இதே மண்ணுதான்" என்றாள்.

வரப்பில் நின்றிருந்த அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மலையில எங்கேம்மா தண்ணி நிக்கும்? மேல பேஞ்சா கீழ ஓடிடப்போவுது."

சித்தி தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். நாலு பக்கமும் மலை, நடுவில் கிண்ணம் மாதிரி பள்ளம். நாலு மலைத் தண்ணீரும் அங்கேதான் இறங்கும்; ஓடை கரைமீறி வண்டலைக் கொட்டிவிட்டுப் போகும்; மண் பிசைந்த மாவாகக் கிடக்கும். "அதுல வேற எதுவும் வெளங்காது மாமா. நெல்லுதான் போடுவோம்." அப்பாவை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். மலையில் தண்ணீர் நிற்கிற கதையை அப்பா அன்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

என் காதில் விழுந்ததோ வேறு. மூச்சு விடாத மண். எதுவும் விளங்காத மண். அப்படிப்பட்ட மண் எந்தப் பரீட்சையில் தேறும்? தேறாவிட்டால் சித்தி மலைக்குப் போய்விடுவாள். கணக்கு எனக்கு நன்றாக வரும்.

சித்தி மண்ணைக் கலந்து, நான்காகப் பகுத்து, அரைக் கிலோ அளவு எடுத்து, வேட்டித் துணியில் தைத்த பையில் கட்டினாள். பஞ்சாயத்து ஆபீசில் வந்து உட்காரும் வேளாண் உதவியாளரிடம் கொடுக்க வேண்டும். ஆபீஸ் பள்ளிக்கூடத்தை ஒட்டி இருந்ததால் வேலை எனக்கு வந்தது.

பள்ளிக்கூடத்துத் தோட்டத்தில் செம்மண் இருந்தது. எங்கள் மண்ணில் ரோஜா வராது என்று தலைமையாசிரியர் வானூர்ப் பக்கத்திலிருந்து டிராக்டரில் வரவழைத்துக் கொட்டியது. எனக்குத் தெரிந்த மண்களில் அதைவிடக் கெட்டிக்கார மண் கிடையாது. பையை அவிழ்த்து, சித்தியின் மண்ணைச் சுவருக்குப் பின்னால் கொட்டிவிட்டு, ரோஜாச் செடிக்கு அடியிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி நிரப்பினேன். உதவியாளர் பையை வாங்கிப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூலையில் இருந்த மற்ற பைகளோடு போட்டார்.

ஆனி மாதம் மண் பரிசோதனை முடிவோடு அட்டை வந்தது. மணல் கலந்த மண், உப்பு இல்லை, வடிகால் நன்று, நிலக்கடலைக்கு ஏற்றது. அப்பா அதை இரண்டு முறை உரக்கப் படித்தார். "மரக்காணத்துலயே உப்பில்லாத மண்ணு நம்முளுதுதான்" என்று சித்தப்பாவின் முதுகில் தட்டினார். பிறந்ததிலிருந்து அந்தச் சேற்றில் கால் புதைத்தவர்தான் அப்பா. ஆனால் அச்சடித்த காகிதம் ஒன்று கையில் இருந்தால் சொந்தக் காலையே நம்பாத மனிதர். பள்ளம் இவ்வளவு நல்ல மண் என்றால், தம்பிக்குக் குறை வைத்துவிட்டோம் என்ற உறுத்தலும் அவருக்குத் தீர்ந்திருக்கும்.

சித்தி அட்டையை வாங்கிப் பார்த்தாள். "பை மாறிப் போயிருக்கும் மாமா. இது நம்ம மண்ணு இல்ல" என்றவள், என் பக்கம் திரும்பினாள். "கண்ணு, நீதான கொண்டுபோய்க் குடுத்த? நான் கட்டிக்குடுத்த அதே பைதான?"

"அதே பைதான் சித்தி."

நான் பொய் சொல்லவில்லை. பை அதேதான். இதை நினைத்து அப்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சித்தி அட்டையை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தாள். மலைக்காரிக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று அப்பா அவள் காதுபடவே அம்மாவிடம் சொன்னார். அட்டையில் இருந்தபடியே ஆடியில் மல்லாட்டை விதைத்தார்கள். சித்தியும்தான் விதைத்தாள், களை எடுத்தாள். செடி வெளிறிப்போய் வந்தாலும் வந்துவிட்டது. புரட்டாசியில் அது பூத்துக் காய் இறங்கியபோது நான் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. அப்பாவின் மேட்டில் தண்ணீர் அன்று சாயங்காலமே வடிந்துவிட்டது. பள்ளத்தில் நின்ற தண்ணீர் நின்றபடியே இருந்தது. பத்து நாள் கழித்துப் பிடுங்கினார்கள். செடி கையோடு வந்தது, காய் மண்ணோடு நின்றுவிட்டது. தோண்டி எடுத்தவையும் கறுத்து அழுகியிருந்தன, சில முளைவிட்டிருந்தன. சித்தப்பா கையைக் கழுவிக்கொண்டு, "கெளம்பலாம்" என்றார்.

மற்றவர்கள் போன பிறகு சித்தி மட்டும் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். நான் போய் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். ரோஜாச் செடி, இரண்டு கை, சுவருக்குப் பின்னால் கொட்டியது, எல்லாம்.

"ஏன்டி அப்டி செஞ்ச?"

"மண்ணு ஃபெயிலாயிட்டா நீ போயிடுவேன்னு."

சித்தி என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். "யாருகிட்டயும் சொல்லாத. உங்க அப்பாகிட்ட கூட. என்ன?" என்றாள். தலையாட்டினேன்.

நான்காம் நாள் அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். சில வருடம் கழித்து அப்பாவே அந்தப் பள்ளத்தில் சம்பா நெல் போட்டார். நன்றாக வந்தது, இப்போதும் வருகிறது. அது தன்னுடைய யோசனை என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்று வரப்பிலிருந்து எழுந்து வந்து சித்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் சொன்னதுதான் சரி என்று அந்த வீடு ஒப்புக்கொண்டிருக்கும். அடுத்த ஆடியில் அங்கே அவள் கையால் நாற்று நட்டிருப்பாள். எங்களோடேயே இருந்திருப்பாள். ஆனால் ஒரு குடும்பத்தின் போகத்தை அழித்தவள் என்ற பேர் ஒன்பது வயதில் எனக்கு வந்திருக்கும். அந்தப் பேர் எனக்கு வராமல் பார்த்துக்கொண்டுதான் அவள் போனாள். எனக்கு அன்று புரிந்ததெல்லாம், அப்பாவிடம் அடி வாங்காமல் தப்பித்துவிட்டேன் என்பது மட்டும்தான்.