றோஸி பிடித்த பெட்டிச் சீட்டு

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் அந்தக் குறுகிய ஒழுங்கைக்குள் கட்டிய புருஷனை நம்பாதவர்கள்கூட றோஸியின் சீட்டை நம்புவார்கள். ரோல்ஸும் பற்றிஸும் பொரித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைப்பவள் அவள். மாதம் ஒருமுறை எல்லார் முன்னாலும் பிஸ்கட் டின்னுக்குள் பெயர்த் துண்டுகளைப் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்பாள். அதில் கள்ளம் என்று ஒரு வாயும் சொன்னதில்லை. அவளுக்கு இருந்த ஒரே சொத்து அந்தப் பேர்தான்.

போன் கடையில் வேலை செய்யும் திலக்ஷன் 'மெஷ்' கதையோடு வந்தபோதும் எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். வீட்டுக்கு வீடு டேட்டாவுக்குச் சல்லியைக் கொட்டத் தேவையில்லை. றோஸி வீட்டில் ஒரு நல்ல லைன் எடுத்து, கூரைக்குக் கூரை ஒரு சின்னப் பெட்டி பூட்டினால், ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்கு இன்டர்நெட்டைக் கைமாற்றிவிடும் என்றான். எல்லாப் பெட்டியையும் ஒரேயடியாக வாங்க யாரிடம் காசு இருக்கிறது? சீட்டுப் போட்டார்கள். மாதம் ஒரு பெட்டி. யார் பேர் விழுகிறதோ அவர் கூரைக்கு. இதைவிட நியாயம் உண்டா என்று தலையாட்டினார்கள். அந்த நியாயம்தான் காரியத்தைக் கெடுத்தது.

முதல் பெட்டி ஒழுங்கையின் கடைசி வீட்டு ஆறாயிக்கு விழுந்தது. பிறகு விழுந்தவையும் அந்தப் பக்கமே. நடுவில் ஒரு மாடிக் கட்டடம் மறைத்ததால் ஒழுங்கை முகப்பிலுள்ள றோஸி வீட்டுப் பெட்டிக்கு அவற்றில் ஒன்றும் எட்டவில்லை. இடையிலுள்ள ஹியூபேட்டின் மொட்டைமாடியில் ஒன்று பூட்டினால் இரண்டு பக்கமும் தெரியும் என்றான் திலக்ஷன். ஹியூபேட் றோஸியின் கொழுந்தன். சொந்தக் காசில் வாங்கச் சொன்னால் அவனுக்குக் காது கேட்காது.

"இந்த முறை குலுக்காமல் ஹியூபேட்டுக்குக் குடுப்பமே?" என்று றோஸி கேட்டுப் பார்த்தாள்.

சில்லறைக் கடை நாகேந்திரம் சிரித்தார். "உங்கட கொழுந்தனுக்கோ? அப்ப எங்களுக்கு என்னத்துக்குச் சீட்டு?"

கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். ஆறாயி மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய மகள் சிவானி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனவள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவள் கையில் போன் கிடைக்கும், அதுவும் எந்த நேரம் என்று தெரியாது. படுக்கையில் கிடக்கும் புருஷனை விட்டுவிட்டு, றோஸி வீட்டில் நாள் முழுக்கக் காத்திருக்க ஆறாயியால் முடியாது.

"மக போன வெள்ளிக்கெழம 'அம்மா, இங்க என்னய'ன்னு ஆரம்பிச்சா அக்கா. டேட்டா முடிஞ்சு கட்டாயிருச்சு," என்றாள் ஆறாயி. "எனக்குச் சோறே எறங்கல."

றோஸிக்கும் இறங்கவில்லை. அடுத்த குலுக்கலில் ஹியூபேட்டின் பெயர்த் துண்டை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு டின்னுக்குள் கையை விட்டாள். 'ஹியூபேட்' என்று வாசித்த குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

பெட்டி ஏறியதும் கடைசி வீடுவரை லைன் போனது. வெள்ளிக்கிழமை சிவானி கூப்பிட்டாள். அடிக்கிறார்கள், சம்பளமும் இல்லை என்று அழுதாள். ஆறாயி முழுவதையும் கேட்டாள். திலக்ஷன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்தான். பிள்ளையைத் திருப்பி எடுக்க ஏற்பாடும் நடந்தது.

பிறகொரு நாள் ஆறாயி றோஸியின் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, கோவிச்சிக்காதீங்க. புதுச் சீட்டு நாகேந்திரம் ஐயா பிடிக்கிறாராம். நானும் அதுல சேந்துட்டேன். மக வர்றப்ப கையில ரெண்டு காசு வேணும். ஒங்க சீட்டப் பத்தி ஆளுங்க ஒரு மாதிரி பேசுறாங்க."

உனக்காகத்தானடி என்ற சொல் றோஸியின் தொண்டைவரை வந்தது. சொன்னால் ஆறாயி காலில் விழுவாள். பிறகு ஒழுங்கை முழுக்க அவளையும் சேர்த்துத் தூற்றும். றோஸி பொரிந்துகொண்டிருந்த ரோல்ஸைத் திருப்பிப் போட்டாள்.

"நீ செய்தது சரி, ஆறாயி," என்றாள். "கள்ளம் செய்தவளிட்ட ஏன் காசைக் குடுக்கோணும்?"